ஒரே காற்றுக் காலம், இரு மின்தொகுப்புகள்: இந்திய – இலங்கை மின் இணைப்பு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய அரசின் மின்சார அமைச்சகம், புது தில்லி, இலங்கை அரசின் எரிசக்தி அமைச்சு, கொழும்பு, மின் இணைப்புத் திட்டத்தை வரைந்துகொண்டிருக்கும் இரு நாட்டுப் பொறியாளர் குழுக்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில், எச்.வி.டி.சி. எனப்படும் உயரழுத்த நேர்மின் தடம் ஒன்றை இரு நாடுகளுக்கும் இடையே அமைத்து மின்சாரத்தைக் கொடுத்து வாங்குவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010-இலும் இதே நோக்கத்துக்காக ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. பிறகு தலைவர்களின் பயணங்களின்போது பேசப்படுவதும் அவர்கள் விமானம் ஏறியதும் கிடப்பில் போடப்படுவதுமாகப் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. இம்முறை வேலை நடக்கும் என்று நம்பியே இந்த மடலை எழுதுகிறேன். தென் தமிழ்நாட்டின் காற்றாலை மாவட்டங்களில் உயரழுத்தத் தடங்களையும் துணை மின்நிலையங்களையும் கவனித்து ஓய்வுபெற்ற பொறியாளன் நான். இந்தத் தடம் வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆனால் இதுவரை வெளியில் தெரிந்த பேச்செல்லாம் 500 மெகாவாட்டா 1,000 மெகாவாட்டா, கடலடிக் கேபிளா கோபுரத் தடமா, செலவு எவ்வளவு, மதுரையில் தொடங்குவது மன்னாரில் முடிவதா அனுராதபுரத்தில் முடிவதா என்பவற்றைச் சுற்றியே இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் காற்று வீசும்போது இந்தத் தடம் எப்படி இயங்கும், அப்போது யாருடைய காற்றாலை முதலில் நிறுத்தப்படும் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இல்லை. அந்த விடையை ஒப்பந்தத்தின் நடுவில் வைத்துவிட்டு மற்றவற்றை வரையுங்கள் என்று கேட்பதுதான் என் நோக்கம்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களின் இடுக்கில் புகுந்து வேகமெடுக்கிறது. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய காற்றாலைப் பணி, இன்று மாநிலம் முழுவதும் 11,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிறுவு திறனாக வளர்ந்திருப்பது அந்தக் கணவாய்களின் கொடை. வைகாசியில் எழும் காற்று ஆடியில் உச்சம் தொட்டுப் புரட்டாசியில் அடங்குகிறது. நல்ல காற்றுள்ள நாளில் காற்றாலைகள் மட்டுமே 10 கோடி யூனிட்டுக்கு மேல் தருகின்றன. பருவம் முடிந்தபின் அதே இயந்திரங்கள் அதில் சிறு பங்கையே தருகின்றன. மன்னாரிலும் வீசுவது இதே பருவக்காற்றுதான். அங்குள்ள மீனவர்கள் சோழகம் என்று சொல்லும் காற்று மே மாதத்தில் பிடித்தால் செப்டம்பர் வரை விடுவதில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் முப்பது இயந்திரங்கள் மும்முரமாகச் சுழலும் மாதங்களும் ஆரல்வாய்மொழி இயந்திரங்கள் மும்முரமாகச் சுழலும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றே. இரு நாடுகளின் கடிகாரமும் ஒன்றே என்பதால், கூரைச் சூரிய மின்சாரம் இறங்கும் நேரமும் வீடுகளில் விளக்கேற்றும் நேரமும்கூடச் சேர்ந்தே வருகின்றன.

அடுத்தடுத்த இரு தோட்டத்துக் கிணறுகள் ஒரே மழையில் நிரம்பினால், அந்த வாரம் யாரும் யாரிடமும் தண்ணீர் கேட்கப் போவதில்லை. எல்லை கடந்த மின் இணைப்புகளைப் பற்றிய பொதுவான புகழுரைகள், அதாவது ஓரிடத்தின் உபரி மற்றோரிடத்தின் பற்றாக்குறையை நிரப்பும் என்ற வாதம், மதுரைக்கும் மன்னாருக்கும் இடையே அப்படியே பொருந்திவிடாது. இணைப்பே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் பயன் எங்கே இருக்கிறதோ அங்கே தேடச் சொல்கிறேன்.

காற்று மிகுந்த இரவு என்றால் என்ன என்பதைத் தில்லியிலோ கொழும்பிலோ இருந்து பார்ப்பது கடினம். ஜூலை மாதத்தில், மலையடிவாரத்து 110 கே.வி. (கிலோவோல்ட்) துணை மின்நிலையம் ஒன்றில் இரவு ஒன்பது மணி ஆகியிருக்கும். மழை பெய்து ஊர் குளிர்ந்திருக்கும், விவசாய மோட்டார்கள் ஓய்ந்திருக்கும், காற்று மட்டும் ஓயாது. அப்போது மாநிலத்தின் மின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் லோட் டிஸ்பேட்ச் மையத்திலிருந்து தொலைபேசி வரும். பணியில் இருப்பவர் லாக் புத்தகத்தில் நேரத்தையும் எத்தனை மெகாவாட் குறைக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டு, எந்த ஃபீடரை, அதாவது காற்றாலைகளிலிருந்து வரும் எந்தக் கம்பித் தொடரை, முதலில் எடுப்பது என்று பட்டியலைப் பார்த்து, இணைப்பைத் துண்டிக்கும் 33 கே.வி. பிரேக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பார். வெளியே இருட்டில், முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த இறக்கைகள் சற்று நேரத்தில் காற்றுக்கு விளிம்பைக் காட்டி நின்றுவிடும். நின்ற இயந்திரம் ஒரு நூற்பாலையுடையதாக இருக்கலாம். வங்கிக் கடன் வாங்கி நிறுவிய சிறு முதலீட்டாளருடையதாகவும் இருக்கலாம். துறையில் இதைப் பேக் டவுன் என்போம். காற்று மின்சாரத்தை இயன்றவரை ஓடவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2021 அக்டோபரில் மத்திய அரசு இதற்கெனத் தனி விதிகளையே வெளியிட்டது. ஆனாலும் தடம் நிரம்பிவிட்டால் விதி புத்தகம் மின்சாரத்தைச் சுமந்து செல்லாது.

2012, 2013 ஆண்டுகளில் தமிழ்நாடு பட்டபாடு இதற்குச் சான்று. காற்றில்லாத மாதங்களில் ஊர்ப்புறங்களில் நாளின் பாதி நேரத்துக்கு மின்வெட்டு நிலவியது. காற்றுள்ள மாதங்களில் ஆலைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு அலைவரிசையில், அதாவது மாற்றுமின்னோட்டத்தின் துடிப்பு வேகத்தில், சேராமல் தனித்து நின்றதே அதற்கு ஒரு பெருங்காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கே.வி. தடம் இயங்கி, நாடு முழுவதும் ஒரே அலைவரிசையில் வந்த பிறகுதான் நெல்லைக் காற்றுக்கு வடக்கே வாசல் திறந்தது. அப்படியும் முழுதாகத் திறந்தது என்று சொல்ல முடியாது. எல்லைக்கு வெளியே ஒரு தடம் போடுவதைவிட, அந்தத் தடத்துக்குப் பின்னால் உள்நாட்டில் என்ன இருக்கிறது என்பதே முதன்மையானது என்பதை நாங்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே கற்றோம்.

இப்போது அதே ஜூலை இரவில், மன்னாரில் உபரியான 300 மெகாவாட்டை இந்தியாவுக்கு அனுப்ப விரும்புகிறோம் என்று இலங்கைக் கட்டுப்பாட்டு மையம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வந்து இறங்கும் அந்த 300 மெகாவாட், ஏற்கெனவே நெருக்கடியில் உள்ள அதே தடங்களில்தான் வடக்கே போக வேண்டும். அப்போது பணியிலிருக்கும் அதிகாரிக்கு மிக எளிதான வழி எது? எல்லையில் வாங்குவதைப் பூச்சியமாக்குவது. உள்ளூர் ஆலை உரிமையாளர் வழக்குப் போடுவார், பக்கத்து நாட்டுக் காற்றாலை போடாது என்பதால் அந்த வழி இன்னும் எளிதாகிவிடுகிறது. எந்தத் தீய எண்ணமும் இல்லாமலே, காற்றுக் காலம் முழுவதும் அந்தத் தடம் ஒருவழிப் பாதையாகவோ காலிக் கம்பியாகவோ ஆகிவிடலாம்.

இது கற்பனை அல்ல. வட ஜெர்மனியில் காற்று மின்சாரம் பெருகி, அதைத் தெற்கே கொண்டுசெல்லும் தடங்கள் போதாமல் போனபோது, ஜெர்மன் மின்தட நிறுவனமான டென்னெட், தன் உள்நாட்டு நெரிசலைக் குறைக்க மேற்கு டென்மார்க்கிலிருந்து வரும் மின்சாரத்துக்கு எல்லையில் கதவைக் கிட்டத்தட்டச் சாத்திவிட்டது. இரு பக்கமும் ஒரே வடகடல் காற்றுதான். டென்மார்க்கில் அது மிகும்போது ஜெர்மனியிலும் மிகும். ஐரோப்பிய ஆணையம் போட்டிச் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்கி, 2018 டிசம்பரில், அந்த எல்லையில் குறைந்தது 1,300 மெகாவாட் கொள்ளளவை எப்போதும் வணிகத்துக்குத் திறந்து வைப்பதாக டென்னெட் அளித்த உறுதிமொழியைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதாக ஆக்கியது. உள்நாட்டு நெரிசலை எல்லைக்குத் தள்ளக்கூடாது, அதைத் தீர்க்கும் செலவை நெரிசல் உள்ள நாடே ஏற்க வேண்டும் என்பது அதன் பொருள். அங்கே கட்டளையிட ஐரோப்பிய ஆணையம் இருந்தது. பாக் நீரிணைக்கு மேல் அப்படியோர் அமைப்பு இல்லை. எனவே ஆணையம் செய்ததை இங்கே ஒப்பந்தம்தான் செய்தாக வேண்டும்: காற்றுக் காலத்தில் எல்லைத் தடத்தில் குறைந்தது இவ்வளவு மெகாவாட் திறந்திருக்கும், குறைக்க நேர்ந்தால் இரு பக்கத்துக் காற்றாலைகளும் ஒரே விகிதத்தில் குறைக்கப்படும், அதற்கான காரணம் 15 நிமிடத் தொகுதி வாரியாக அடுத்த நாளே வெளியிடப்படும், தொழில்நுட்பக் காரணமின்றி நிறுத்தப்பட்ட யூனிட்டுக்கு இழப்பீடு உண்டு. இந்த நான்கும் எழுத்தில் இல்லாமல் கேபிளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது தலைகீழான வேலை.

அடுத்து, அந்த மின்சாரம் மதுரையைத் தாண்டி எங்கே போகும் என்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வட இந்தியாவில் வெப்பமும் பஞ்சாப், ஹரியானா நெல்வயல்களின் பம்புசெட்டுகளும் சேர்ந்து மின்தேவையை ஏற்றிவைக்கும் மாதங்களே தெற்கின் காற்று மாதங்கள். மன்னார்க் காற்றுக்கு உண்மையான சந்தை அங்கே இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை வரும் 800 கே.வி., 6,000 மெகாவாட் நேர்மின் தடம், காற்றில்லாத காலத்தில் தெற்குக்கு மின்சாரம் கொண்டுவரவும் காற்று மிகும்போது வடக்கே திருப்பி அனுப்பவும் ஏற்ற இருவழித் தடமாகவே வடிவமைக்கப்பட்டது. மதுரையில் முடியும் கடல் தடத்தை, புகளூர் வரையிலான மாற்றுமின் தடங்களை வலுப்படுத்தும் பணியோடு ஒரே திட்டமாகக் கட்டுங்கள். ஒன்று முடிந்து மற்றொன்று ஐந்தாண்டு கழித்து வந்தால், இடைப்பட்ட ஐந்தாண்டும் மன்னாரும் நெல்லையும் ஒன்றையொன்று நிறுத்திக்கொண்டிருக்கும். இலங்கைப் பக்கமும் இதே கதைதான்: மன்னார்த் தீவின் நடுக்குடாவிலிருந்து அனுராதபுரம் நோக்கிப் போகும் 220 கே.வி. தடம், பூநகரியிலும் மன்னாரிலும் இனி எழவிருக்கும் காற்றாலைகளையும் கடல் கடந்து வரும் மின்சாரத்தையும் சேர்த்துத் தாங்குமா என்ற கணக்கை முதலில் பொதுவில் வையுங்கள்.

இலங்கை மின்தொகுப்பின் அளவைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 20,800 மெகாவாட்டைக் கடந்தது. இலங்கையின் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்குள் அடங்குவது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது நினைவிருக்கும். குரங்கைப் பற்றிய கேலிகளில் உண்மைக் காரணம் மறைந்துபோயிற்று. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு. கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழலும் இயந்திரங்கள் குறைவு. அத்தகைய தொகுப்பில் ஓரிடத்தில் விழுந்த அடி நாடெங்கும் பரவிவிட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாட் அலகுகள் மூன்றும் நின்று, மீண்டும் எழுவதற்குள் அடுத்த சில நாட்கள் மின்வெட்டு தொடர்ந்தது. இரண்டே மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சூரியத் தகடுகளை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

இப்படிப்பட்ட தொகுப்பில் 500 மெகாவாட் தடம் ஒரே கம்பியாக வந்து இறங்கி, ஒரு நள்ளிரவில் அது முழுதாக அறுந்தால், நுரைச்சோலையின் ஓர் அலகு நிற்பதைவிடப் பெரிய அடி விழும். ஆகவே தடம் இரு துருவங்களாக, ஒன்று பழுதானாலும் மற்றது தனித்து இயங்கும்படி, மின்னோட்டம் திரும்பி வருவதற்கான உலோகக் கம்பியோடு அமைய வேண்டும். நேர்மின்னை மாற்றுமின்னாகவும் மாற்றுமின்னை நேர்மின்னாகவும் ஆக்கும் மாற்றி நிலையங்கள், வி.எஸ்.சி. எனப்படும் புதிய வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பழைய தைரிஸ்டர் வகை மாற்றிகள் தாம் இணையும் மாற்றுமின் தொகுப்பு வலுவாக இருப்பதை நம்பியே இயங்குபவை. வி.எஸ்.சி. வகை வலுக்குன்றிய தொகுப்பிலும் மின்னழுத்தத்தைத் தானே தாங்கிப் பிடிக்கும். நாடு இருண்டுபோனால் வெளியிலிருந்து தொகுப்பை மீண்டும் எழுப்பவும் உதவும். இந்தியாவுக்கு இது புதிதல்ல. 2021 முதல் புகளூர் – திருச்சூர் இடையே 320 கே.வி., 2,000 மெகாவாட் தடம் இதே வகையில் இயங்குகிறது. செலவு கூடும் என்று யாராவது சிக்கனம் பேசினால், பாணந்துறையை நினைவூட்டுங்கள்.

இந்தத் தடத்தின் மிகப் பெரிய பயன் யூனிட் வணிகத்தைவிட இந்தத் தாங்குதிறனில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நேர்மின் தடம் என்பதால் இரு நாடுகளின் அலைவரிசையும் தனித்தனியாகவே இருக்கும். ஒரு பக்கத்து நோய் மறுபக்கம் தொற்றாது. ஆனால் இலங்கையின் அலைவரிசை சரியும் நொடியில் மாற்றி நிலையம் தானாகவே இந்தியாவிலிருந்து சில நூறு மெகாவாட்டை இழுத்துக் கொடுக்கும்படி அமைக்க முடியும். இரண்டு லட்சம் மெகாவாட்டுக்கு மேல் சுமக்கும் இந்தியத் தொகுப்பு அதை உணரக்கூடச் செய்யாது; இலங்கைக்கோ அது நாடு இருள்வதற்கும் இருளாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு. அந்தக் காப்பு இருந்தால், காற்று சட்டென விழுந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் எண்ணெய் இயந்திரங்களைச் சும்மா எரியவிட்டு வைத்திருக்கும் செலவு குறையும், மன்னாரில் இன்னும் கூடுதல் காற்றாலையைத் தொகுப்பு ஏற்கும். இதற்கு என்ன விலை, யார் தருவது, தானியங்கி உதவிக்குத் தில்லியின் முன் அனுமதி தேவையா என்பவை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். நொடிக் கணக்கில் நடக்க வேண்டிய உதவிக்குக் கோப்பு நகர்த்த முடியாது.

காற்றைச் சேமிக்கும் வழியாக நார்வே – டென்மார்க் உதாரணத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். 1970-களிலிருந்து ஸ்காகெராக் நீரிணையின் அடியில் போடப்பட்ட கேபிள்கள் வழியே, டென்மார்க்கில் காற்று மிகும்போது நார்வே தன் அணைகளை மூடிவைத்துக் காற்று மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. காற்று ஓய்ந்ததும் மதகைத் திறந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல போன்ற நீர்மின் நிலையங்களைக் கொண்டு இலங்கையும் ஓரளவு அந்த வேலையைச் செய்ய முடியும். ஓரளவு என்று அழுத்திச் சொல்கிறேன். மகாவலியின் நீர் முதலில் வயலுக்கு உரியது, மின்சாரம் அடுத்ததுதான். தமிழ்நாட்டில் இப்போது நீரை மேலேற்றிச் சேமிக்கும் நிலையமாக இயங்குவது 400 மெகாவாட் காடம்பாறை. குந்தாவில் 500 மெகாவாட் கட்டப்படுகிறது. இரு பக்கத்துச் சேமிப்பையும் சேர்த்தாலும் ஒரு ஆடி மாதத்தின் காற்றை அடக்க முடியாது. மாலையில் தேவை ஏறும் நான்கு மணி நேரத்தைச் சமாளிக்கலாம், அதுவே பெரிய உதவி.

ஆண்டு முழுவதும் காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்றில் மன்னாரின் இயந்திரங்கள் ஓரளவு சுழல்கின்றன. அப்போது நம் கணவாய்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களின் மன்னார் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு உண்மையிலேயே பயன்படும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலங்கையின் அணைகள் வற்றும்போது இந்தியாவிலிருந்து மின்சாரம் போக வேண்டும். எனவே ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவு, ஒரே விலை என்ற ஒப்பந்தம் இந்தத் தடத்துக்குப் பொருந்தாது. மாதவாரியாக, நேரவாரியாக வகுத்த ஒப்பந்தம் வேண்டும். காலம் குறித்த வணிகம் நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியத் தடங்கள் வழியே வங்கதேசத்துக்கு ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும் போகும்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது; 2024 நவம்பரில் அது முதன்முதலாக நடந்தும் காட்டியது. அளவு சிறிது என்றாலும், மூன்று நாடுகள் சேர்ந்து பருவத்தை எழுத்தில் வைத்த முன்மாதிரி அது.

அதே நேபாள அனுபவத்தில் எச்சரிக்கையும் உண்டு. இந்திய விதிகளின்படி எந்த மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வருகிறது என்று நிலையம் நிலையமாக அனுமதி பெற வேண்டியிருக்கிறது. சீன முதலீடோ சீன ஒப்பந்ததாரரோ உள்ள நேபாள நீர்மின் நிலையங்களின் மின்சாரம் வாங்கப்படுவதில்லை. இலங்கையின் தொகுப்பில் சீன நிறுவனம் கட்டிய நுரைச்சோலை உட்படப் பலவும் கலந்தே ஓடுகின்றன. காற்றாலை இயந்திரம் எந்த நாட்டில் செய்யப்பட்டது, நிறுவனத்தின் பங்கு யாரிடம் இருக்கிறது என்று யூனிட் யூனிட்டாகப் பிரிக்க முற்பட்டால் வணிகமே நடக்காது. இதைப் பற்றி இந்திய அரசு இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுவது நேர்மை. முதலீடு செய்தபின் சொல்வது நேர்மை ஆகாது. நிலுவைப் பணத்துக்கான காப்புறுதியும் அப்படித்தான்; 2024 நவம்பரில் பாக்கிக்காக ஜார்க்கண்டின் கோட்டா நிலையத்திலிருந்து வங்கதேசத்துக்குப் போகும் மின்சாரம் பாதியாகக் குறைக்கப்பட்டதை இரு தரப்பும் பார்த்திருக்கிறீர்கள்.

தரவு பற்றியும் ஒரு வேண்டுகோள். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. புயலில் கோபுரங்கள் சாய்ந்து மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தபோது, பல காற்றாலைப் பண்ணைகள் தம் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த ஓர் அமைப்பின்படி உற்பத்தியைச் சட்டெனக் குறைத்துக்கொண்டன. அப்படியோர் அமைப்பு இருப்பதே தொகுப்பை இயக்கியவர்களுக்கு அதுவரை தெரியாது. குறைந்த மின்சாரத்தை ஈடுகட்ட அண்டை மாநிலத்திலிருந்து வரும் இணைப்புத் தடம் அளவுக்கு மீறி இழுத்து, தன்னைக் காத்துக்கொள்ளத் துண்டித்துக்கொண்டது. தென் தமிழ்நாட்டில், மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலே கழன்றுகொள்ளும் பழைய சிறிய இயந்திரங்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளன. மதுரைக்குத் தெற்கே ஒரு தடத்தில் இடி விழுந்தால் எத்தனை மெகாவாட் காற்று ஒரே நேரத்தில் கழலும், அப்போது மாற்றி நிலையம் என்ன செய்யும் என்பதை இரு நாட்டுப் பொறியாளர்களும் ஒரே கணினி மாதிரியில் சேர்ந்து சோதிக்க வேண்டும். ஒவ்வொரு காற்றாலையின் காப்பு அமைப்புகளையும் ஒளிக்காமல் பகிர்ந்துகொள்வது இணைப்பின் முன்நிபந்தனையாக இருக்கட்டும்.

கடல் காற்றாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் காற்றாலைகளுக்காக 2024 ஜூனில் இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு உரியது. இரு நாடுகளின் சிறந்த கடல் காற்று மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. பால்டிக் கடலில் டென்மார்க்கும் ஜெர்மனியும் தத்தம் காற்றாலைப் பண்ணைகளைக் கடலுக்குள்ளேயே 400 மெகாவாட் இணைப்பால் கோத்து, 2020-இல் கிரீகர்ஸ் ஃபிளாக் தடத்தைத் தொடங்கின. காற்று வரும்போது அதே கேபிள் காற்றைச் சுமக்கிறது. ஓயும்போது மிஞ்சிய கொள்ளளவில் இரு நாட்டு வணிகம் நடக்கிறது. பின்னால் அப்படிக் கோக்க இடம் விட்டு இன்றைய தடத்தை வடிவமைப்பதற்குப் பெரிதாகச் செலவாகாது. அதே சமயம், அந்த வளைகுடா கடற்பசுவும் பவளப்பாறையும் உள்ள கடல். பாதையைத் தேர்வதில் அவசரம் வேண்டாம்.

இறுதியாக, மக்கள். மன்னாரில் 2025-இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கரைவலை இழுக்கும் கரையில் இயந்திரமும் அதற்கான சாலையும் வந்ததால் மழைநீர் வடிய வழியின்றித் தேங்குகிறது, மீன்பாடு குறைந்துவிட்டது, வலசைப் பறவைகளின் வழி மறிக்கப்படுகிறது என்பவை அவர்களின் குறைகள். அதே ஆண்டு பிப்ரவரியில், மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்கவிருந்த அதானி நிறுவனம், யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலை பெருஞ்சர்ச்சையான பிறகு திட்டத்திலிருந்து விலகியது. திறந்த போட்டியின்றி முடிவு செய்யப்பட்ட விலையும், கேட்காமல் நடப்பட்ட கோபுரமும் இணைப்புத் தடத்தின் மீதே வெறுப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். எல்லைத் தடம் விலையையும் கடத்தும் என்பதை நார்வே மக்கள் பட்டறிந்தார்கள்: 2024 டிசம்பரில் ஜெர்மனியில் காற்று ஓய்ந்தபோது தெற்கு நார்வேயில் மின்விலை எகிறியது; டென்மார்க்குக்குப் போகும் பழைய கேபிள்களைப் புதுப்பிக்க வேண்டாம் என்ற குரல் ஆளுங்கட்சியிலேயே எழுந்தது. மன்னார்க் கரையில் சுழலும் இயந்திரத்தின் மின்சாரம் கடல் கடந்து போகும்போது, அந்தக் கரைக்கு வருவாயில் ஒரு பங்கு நேரடியாகப் போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நெல்லையில் நிறுத்தப்படும் சிறு காற்றாலை உரிமையாளருக்கும் அதே ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கட்டும்.

இந்தத் தடத்தின் இரு முனைகளிலும் வாழ்பவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள். சாத்தியக்கூறு அறிக்கையும், சுற்றுச்சூழல் ஆய்வும், மணிக்கணக்கிலான காற்று – தேவை ஒப்பீடும், நிறுத்தி வைப்பு விதிகளின் வரைவும் ஆங்கிலத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட்டு, மன்னார், இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்று இடங்களிலாவது பொது விசாரணை நடக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு, ஒரு முழுக் காற்றுக் காலத்தின் உண்மைத் தரவை வைத்து இரு கட்டுப்பாட்டு மையங்களும் தடம் இருப்பதாகவே பாவித்து ஒத்திகை இயக்கம் நடத்திப் பார்க்கட்டும்; யார் எப்போது எவ்வளவு நிறுத்தியிருப்பார்கள் என்ற பட்டியல் அதில் கிடைக்கும். அந்தப் பட்டியலை அடுத்த ஆவணியில் வெளியிட்டால், விசாரணைக்கு வருபவர்கள் கையில் வைத்துக்கொண்டு பேச ஏதேனும் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.